எதிர்ச்சுவரின் சிவப்பு

மணி மூன்றாகப் போகிறது, அந்தம்மா இன்னும் வந்து சேரவில்லை, ஆனால் வராமல் இருக்கப் போவதில்லை, ஒன்றரை மணிக்குப் போனில் போட்ட சத்தம் அப்படி. "கடையச் சாத்திப்போட்டு எங்கியும் போயிராதீங்க, நான் பஸ் ஏறப் போறன்" என்றாள் பங்கஜம்மா, கிணத்துக்கடவுப் பக்கத்துக்காரி, வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். நான் எங்கே போகிறேன். முப்பத்தோரு வருஷமாக இந்த ஸ்ரீவர்ணா மேட்சிங் சென்டரின் இதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவன், புடவையைக் கொண்டுவந்து கொடுத்தால் அதற்கு ஒத்துப்போகிற ஜாக்கெட் துணியை, லைனிங்கை, ஃபால்ஸை எடுத்துக் கொடுக்கிறவன். திருமூர்த்தியண்ணன் கண்ணில் ஒரு தடவை பட்டால் போதும், நிறம் தப்பாது என்று தையற்காரர்களே சொல்லி அனுப்புவார்கள். அப்படிப்பட்டவன் அரக்குப் புடவைக்குப் பாசிப்பச்சையில் ஐந்து ஜாக்கெட் பிட் வெட்டிக் கொடுத்துவிட்டானாம். அரக்குக்குப் பாசிப்பச்சை. கிறுக்குப் பிடித்தவன்கூடச் செய்ய மாட்டான். எல்லாம் அந்தச் சுவரால் வந்த வினை. வரட்டும், வந்தால் அவளைக் கையோடு வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டிவிடுகிறேன். எதிரே மங்களாம்பிகா ஜவுளி மாளிகை, மூடி இரண்டு வருஷமாகிறது, ஜன்னல்களை அடைத்துப் பூசிவிட்டார்கள், மூன்று மாடி உயரத்துக்கு மொட்டைச் சுவர், அதில் சாரம் கட்டிப் போன வியாழக்கிழமையிலிருந்து படம் வரைகிறார்கள். மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் நேரே அதன்மேல் விழும், விழுந்தது அப்படியே என் கடைக்குள் திரும்பி அடிக்கும். மேட்சிங் கடைக்காரன் எவனும் டியூப்லைட்டை நம்ப மாட்டான், புடவையையும் துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வெட்டுவான், அந்தப் பகல் வெளிச்சத்திலேயே எவனோ சாயத்தைக் கலக்கிவிட்டால் நான் என்ன செய்வேன். துருப்பிடித்த மாதிரி ஒரு சிவப்பு, அழுக்குச் சிவப்பு, அதை மேலிருந்து கீழாக உருளை வைத்துத் தேய்த்துத் தேய்த்து இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் வெள்ளைக் கோட்டில் ஒரு பொம்பளை உருவம், கை இருக்கிறது, கழுத்து இருக்கிறது, முகம் இன்னும் போடவில்லை. முகமில்லாமல் ஆறு நாளாக என் கடையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இந்தத் தெருவில் நிற்க இடமில்லாத காலம் ஒன்று இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்பப் போவதில்லை, சொல்லவும் ஆள் இல்லை. ஆடி மாதத்தில் பஸ் உள்ளே வர முடியாது, தெருமுனையிலேயே இறக்கிவிடுவான், சனம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வரும், என் கடை வாசலில் ஒரே நேரத்தில் பத்துப் புடவைகளை நீட்டிக்கொண்டு பொம்பளைகள் அண்ணா அண்ணா என்று கத்துவார்கள், நான் யார் முகத்தையும் பார்க்க மாட்டேன், புடவையை மட்டும்தான் பார்ப்பேன், கை தானாக அலமாரிக்குப் போகும், வெங்காயத் தோல், ராணி, ராமர் பச்சை, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள். பிறகு மேம்பாலத்துக்குத் தூண் நட வேண்டும் என்று தகரத்தை வைத்து அடைத்தார்கள், பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள், மூன்று வருஷம் கழித்துத் தகரத்தை எடுத்தபோது திரும்பி வந்தது பஸ் மட்டும்தான், சனம் வரவில்லை. பொம்பளைகள் போனிலேயே தைத்த ஜாக்கெட்டை வரவழைத்துக்கொள்கிறார்கள், பொருந்தினால் போடுகிறார்கள், பொருந்தாவிட்டால் அதற்கும் ஒரு பேஷன் பேர் வைத்துவிடுகிறார்கள். மங்களாம்பிகா போனது, அடுத்து வளையல் கடை போனது, குடைக்காரர் போனார், கண்ணாடிக் கடை இருந்த இடத்தில் ஒரு ஏடிஎம் வந்தது, அதுவும் போய்விட்டது. மிச்சம் நானும், ஆறுச்சாமியின் பாத்திரக் கடையும், நாட்டு மருந்துக் கடையும். ஆறுச்சாமி வியாபாரிகள் சங்கச் செயலாளர், அவன்தான் இந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவன். "படம் வந்தா போட்டோ புடிக்க ஆளுக வரும்ங்ணா, ஆளுக வந்தா ஏவாரம் வரும்" என்றான். போட்டோ பிடிக்க வருகிறவன் ஏன் ஃபால்ஸ் துணி வாங்கப் போகிறான் என்று கேட்டேன், உங்களுக்கு எதைச் சொன்னாலும் குத்தம்தான் என்று போய்விட்டான். எனக்கு இந்தப் படங்களைப் பற்றி ஒரு கணக்கு உண்டு, வெளியே சொன்னதில்லை. பஞ்சாலை மூடின இடத்தில் ரவுண்டானா கட்டி இரும்பில் பெரிய நூல்கண்டு செய்து நிறுத்தினார்கள். குளத்தில் தண்ணீர் வற்றின பிறகு அதன் கரைச் சுவரில் நெடுக மீன் வரைந்தார்கள். தியேட்டரை இடித்துவிட்டு அந்த மதிலில் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கிற சனத்தை எழுதினார்கள், அச்சு அசலாக, ஒருத்தன் தோளில் ஒருத்தன் கை வைத்துக்கொண்டு. வீட்டில் ஒருத்தர் போன பிறகுதானே போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறோம், ஊரும் அதைத்தான் செய்கிறது. அதனால்தான் சாரக் கம்புகள் வந்து இறங்கின அன்றைக்கே கல்லாவை விட்டு எழுந்து வாசலில் போய் நின்றுவிட்டேன். நம் தெருவுக்கும் எழுத வந்துவிட்டார்கள், யாரை எழுதப் போகிறார்கள். சங்கத்தில் காட்டின காகிதத்தில் ஒரு பொம்பளை சிவப்புப் புடவையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். சரிதான், புடவை பார்க்கிற தெருவுக்குக் கடைசிப் படம் புடவையோடுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவன்தான்.

மூன்றே கால். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, வாய் வறண்டு கிடக்கிறது, காலையில் போட்ட மாத்திரைக்கு இந்நேரத்துக்கு வாயில் ஒரு இரும்பு ருசி வரும். நாலு மாத்திரை, வெறும் வயிற்றில், நாலாவது மாதம் நடக்கிறது. தெருவில் கேட்டால் சர்க்கரைக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன், சர்க்கரை என்றால் மரியாதையான வியாதி, யாரும் தள்ளி உட்கார மாட்டார்கள். டிபி என்று சொல்லிப் பாருங்கள், ஆறுச்சாமி டீயைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போவான், ஜாக்கெட் துணியைத் தொட்டுப் பார்க்கிற பொம்பளைகள் கையைத் துடைத்துக்கொள்வார்கள். இப்போது ஒட்டாதாம், மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே யாருக்கும் ஒட்டாதாம், வளர்மதி சிஸ்டர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டாள், அதை நான் தெருவில் தண்டோரா போட முடியுமா. தெரிந்தவன் கண்ணில் படக் கூடாது என்றுதான் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற ஒன்றுக்குப் போகிறேன், மாதம் ஒருமுறை, சரக்கெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு. ஊரின் படங்களையெல்லாம் பார்த்தது அந்தப் போக்குவரத்தில்தான். ரவுண்டானாவில் நூல்கண்டு, குளக்கரையில் மீன், பிறகு மேம்பாலத் தூண்கள், ஒவ்வொரு தூணிலும் ஒரு பறவை. போன தடவை தூணுக்குக் கீழே சிக்னலில் நிற்கும்போது பின்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி சாந்தாமணி தோளைத் தட்டி, "ஏனுங்க, அந்தக் கிளியப் பாருங்க, இப்பத்தான் பறந்து வந்து ஒக்காந்தாப்பல இருக்குது" என்றாள். பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பறவை. கிளிக்கு எவன் சாம்பல் அடிப்பான், வெயிலில் வெளுத்திருக்கும், கவர்மென்ட் பெயிண்ட்தானே என்று நினைத்தேன். சிக்னல் விழுந்தது, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான், நான் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்துத்தான் வண்டியை எடுத்தேன். எல்லாரும் அப்படித்தான் எடுப்பார்கள். மேலே என்றால் நில், கீழே என்றால் போ, அதற்கு எதற்கு நிறம்.

சிஸ்டர் முதல் நாள் நாலு விஷயம் சொன்னாள். வாந்தி வரலாம், வந்தால் சொல்லுங்கள். மூட்டு வலிக்கலாம், வலித்தால் சொல்லுங்கள். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள். இது மூன்று. அப்புறம் அவள் பேனாவை மூடிவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னது ஒன்று. சாந்தாமணிக்குத் தெரியாது, அவள் அப்போது வெளியே மாத்திரை வாங்க நின்றிருந்தாள். மூத்திரம் முதல் மாதம் ஆரஞ்சாகத்தான் போனது, கலக்கிவிட்ட குங்குமப்பூ மாதிரி, அப்புறம் போகப் போக மங்கி, இப்போது சாதாரணமாகத்தான் தெரிகிறது. நல்லதுதானே. மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது, வியாதி குறைந்துவிட்டது, அதனால் நிறமும் போய்விட்டது என்று நினைத்து மாரியம்மனுக்கு ஒரு தேங்காய்கூட உடைத்தேன். ஆனால் அதே மாத்திரை. அதே நாலு. நிறம் ஏன் போக வேண்டும். சாரத்தின் மேலே ஏதோ தடதடவென்று விழுந்து உருள்கிறது, டப்பா போல, படம் வரைகிற அந்தப் பெண் குனிந்து பார்த்துக் கத்துகிறாள், ஆளை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும், பொறுப்பில்லாத கூட்டம். மெர்லின் என்று பேர், தூத்துக்குடிக்காரி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காலையில் ஏறினால் பொழுதுசாய இறங்குவாள். முதல் நாள் கடை வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா" என்றாள். இந்த ஊரில் எங்களை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை, மளிகைக் கடைக்காரன் ஆக்கிவிட்டாளே என்று எரிச்சலாக இருந்தது, ஆனாலும் தண்ணீர் கொடுத்தேன். சுவரின் வண்ணம் தொழிலைப் பாதிக்கிறது என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான். என்ன வண்ணம் என்று எழுதவில்லை. ஏன் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை, கண் முன்னால் நிற்பதை எதற்கு எழுதுவது.

நிறம் மாறித் தெரிந்தால், சிவப்பும் பச்சையும் மங்கினால், அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அதுதான் நாலாவது. இந்த மாத்திரைகளில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைப் பிடிக்குமாம், நூற்றில் ஒருத்தருக்கோ இருவருக்கோ, சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடுமாம், தள்ளிப்போட்டால், என்று சொல்லிவிட்டு சிஸ்டர் நிறுத்திக்கொண்டாள். நான் சிரித்தேன். நிறமா, என்னிடமா. ஒவ்வொரு மாதமும் அவள் கேட்பாள், "நெறம் நல்லாத் தெரியுதுங்களாண்ணா?", நான் அதே சிரிப்பைச் சிரித்து, "சிஸ்டர், நான் என்ன கடை வச்சிருக்கறன்னு தெரியுமில்லீங்க" என்பேன், அவளும் சிரித்து ஒரு டிக் போடுவாள். போன தடவையும் போட்டாள். பன்னிரண்டு நாள் ஆகிறது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் கிளி சாம்பலாக இருந்தது. சுவரில் வண்ணம் ஏறி ஆறு நாள்தான். இந்த இடத்தில்தான் வந்து வந்து முட்டுகிறது, பன்னிரண்டும் ஆறும், எத்தனை தடவை போட்டாலும் சுவர் பிந்தித்தான் வருகிறது. அதற்கும் முன்னால் சாந்தாமணியின் பொட்டு. ஒரு வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்துவிட்டு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள், திரும்பினாள், நெற்றியில் கறுப்பாக ஒரு வட்டம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக எதற்குக் கறுப்புப் பொட்டு என்று கத்தினேன். அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "குங்குமமுங்க, எப்பவும் வெக்கறதுதான், உங்களுக்கென்னாச்சு" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடுகிறாள் என்று நினைக்கத் தீர்மானித்தேன், அதுதான் சரி. அது எந்த வெள்ளிக்கிழமை. ஆடிக் கடைசி வெள்ளியா. இல்லை, அதற்கு அடுத்ததா. ஒரு மாதம். ஒரு மாதமாகத் தினம் காலையில் நாலு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து விழுங்கியிருக்கிறேன். கண்ணில் ஒரு வலி இல்லை, உறுத்தல் இல்லை, நீர் வடியவில்லை. வலித்திருந்தால் போயிருப்பேன். வலிக்காமல் ஒன்று போகும் என்றால் அதை எப்படி நம்புவது. தட்டில் தக்காளிச் சட்னியும் புதினாச் சட்னியும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன, வாயில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன், சாந்தாமணி என் முகத்தையே பார்க்கிறாள், நான் உப்பு கம்மி என்கிறேன்.

ஆனாலும் கடை ஓடியதே. அதுதான் என் தைரியம், ஒரு மாதமாக ஓடியதே. எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியாதா. என் அலமாரி எனக்கு மனப்பாடம், முப்பத்தோரு வருஷமாக மாற்றாத வரிசை, இடது கோடியில் வெள்ளை, சந்தனம், அங்கிருந்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அரக்கு, ஒரு தட்டு கீழே இறங்கினால் பச்சை, பாசி, ராமர், நீலம். வருகிறவள் புடவையைப் பிரிக்கும்போதே பேச்சுக் கொடுப்பேன், இது என்ன கலர்னு சொல்லி வாங்கினீங்கம்மா என்று, அவளே சொல்லிவிடுவாள், கை வரிசைப்படி போகும், அவளே வாசலில் பிடித்துப் பார்த்து அட்டகாசம் என்பாள். நான் பார்க்கவே இல்லை. பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கினேன், அவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை வந்தது பங்கஜம்மாவின் வீட்டுக்காரர். புடவையின் உள்முனையில் ஒரு துண்டு வெட்டிக் காகிதத்தில் பின் அடித்துக் கொண்டுவந்தார், சொந்தக்காரப் பெண்கள் ஐந்து பேருக்கு ஒரே மாதிரிப் புடவையாம், ஐந்து பிட் வேண்டும் என்றார், என்ன கலர் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எனக்கென்னங்க தெரியும், பொம்பளைக சமாச்சாரம்" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். பந்தல்காரனோடு சண்டை. நான் அந்தத் துண்டை வாசலுக்குக் கொண்டுபோனேன். வெயில் இருந்தது, சுவர் இருந்தது. துண்டு கறுத்த ஒரு பழுப்பாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒன்றைப் பிடித்தேன், ஒத்தது. இன்னொன்றைப் பிடித்தேன், அதுவும் ஒத்தது. இரண்டும் ஒத்ததும் இரண்டையும் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். அரக்காக இருந்தால் மேல்தட்டு, பாசியாக இருந்தால் கீழ்த்தட்டு, ஏதோ ஒன்று. அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், நாட்டு மருந்துக் கடையில் காட்டிக் கேட்டிருக்கலாம். திருமூர்த்தி போய் நிறம் கேட்பானா. இந்த நாக்கு அதற்கு எழும்பவில்லை. கீழ்த்தட்டிலிருந்து வெட்டி, மடித்து, காகித உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன், அவர் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார். அப்போதே எனக்குத் தெரியும். இல்லை, தெரியாது. சுவர் சிவப்பாக இருந்ததால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன, சிவப்பு வெளிச்சத்தில் பச்சை கறுக்கும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சாரத்தைப் பிரிக்கட்டும், இல்லை அந்தச் சிவப்பை மறைத்து வெள்ளையடிக்கட்டும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆஸ்பத்திரியை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

"ஏனுங்க, இது எந்த ஊரு ஞாயம்?" வந்துவிட்டாள். படி ஏறும்போதே உறையைப் பிரித்துக் கல்லா மேல் கொட்டிவிட்டாள், ஐந்து துணியும் சரிந்து விழுந்தன, கூடவே பையிலிருந்து புடவையையும் இழுத்துப் போட்டாள். நல்ல உயரமான பொம்பளை, நெற்றியெல்லாம் வேர்வை. "நாளன்னிக்குக் கண்ணாலம். டைலரு துணியப் பாத்துட்டுச் சிரிக்கறான். அஞ்சு புள்ளைகளும் ஒப்பாரி வெக்குதுக. நெறம் பாக்கறதுக்குத்தான உங்க கடைக்கு ஆள் அனுப்பினது? இல்லாட்டிப் பொள்ளாச்சியிலயே எடுத்திருக்க மாட்டமா?" நான் எழுந்து நின்றேன். தயாராகத்தான் இருந்தேன், மத்தியானம் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான். "அம்மா, தப்பு எம்மேல இல்லீங்க. அந்தச் செவுத்தப் பாருங்க" என்றேன். "வெயிலு அதுல பட்டு, அந்தச் செவப்பு இங்க வந்து அடிக்குது. அந்தச் செவப்புல எந்தத் துணியப் புடிச்சாலும் நெறம் மாறித்தான் தெரியும். ஆறு நாளா இந்தக் கொடுமதான்." பங்கஜம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். "எந்தச் செவப்புங்க?" என்றாள். அவள் குரலில் இருந்த சண்டை போய்விட்டது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, சண்டை போட்டிருந்தால் தேவலை.

மெர்லின் தண்ணீருக்காகப் படியண்டை வந்து நின்றிருந்தாள், கையில் பாட்டில், முழங்கை வரைக்கும் பெயிண்ட். நான் அவளிடம் பாய்ந்தேன், "ஏம்மா, உங்க செவப்பு என் தொழிலயே கெடுத்துப் போட்டுது, தெரியுமா?" அவள் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். "செவப்பா? அண்ணாச்சி, செவப்பு டப்பாவ நாங்க இன்னும் தொறக்கவே இல்லயே. பொடவை கடைசியிலதான் வரும். இது பின்னாடி வார வாழைத்தோட்டம்லா, முழுக்கப் பச்சை." பச்சை. நான் சுவரைப் பார்த்தேன். துரு. மேலிருந்து கீழ் வரை துரு. அவள் முழங்கையை நீட்டினாள், "இந்தா, இதே பச்சதான்." அங்கேயும் அதே துருதான் இருந்தது. பங்கஜம்மா மெதுவாக, "பச்சப்பசேல்னு இருக்குதுங்க" என்றாள், கோபமாக இல்லாமல், உடம்பு சரியில்லாதவனிடம் பேசுகிற மாதிரி. இத்தனை நாள் சுவர் எனக்காக நின்றது, குற்றத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றது, இப்போது இரண்டு பொம்பளைகள் நின்ற இடத்தில் நின்று அதை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கையைக் கல்லாவில் ஊன்றிக்கொண்டேன். ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம், கண்ணில் தூசி என்று சொல்லலாம், கண்புரை என்று சொல்லலாம், வாய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. வெளியே வந்தது வேறு. "எனக்கு நெறம் தெரியறதில்லீங்க" என்றேன். "ஒரு மாசமாத் தெரியறதில்லீங்க."

முப்பத்தோரு வருஷம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது, சத்தம்கூட வரவில்லை. பங்கஜம்மா ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள். "ஒக்காருங்க மொதல்ல. ஏனுங்க அப்படி? சக்கரையா?" சர்க்கரை, ஆமாம் சர்க்கரை, தலையை ஆட்டினால் போதும். "டிபிங்க" என்றேன். "அதுக்குப் போடற மாத்திரைல ஒண்ணு கண்ணு நரம்பப் புடிக்குமாம். அப்பவே சொன்னாங்க. நான்தான் போகல." அவள் முந்தானை முனை தானாக மூக்குக்குப் போனது, பாதி வழியில் அவளுக்கே தெரிந்து கையைக் கீழே இறக்கினாள், ஆனால் நான் பார்த்துவிட்டேன், அதைப் பார்க்க நிறம் தேவையில்லை. மெர்லின் எதிர்வரிசையில் பாத்திரக் கடை வாசலைப் பார்த்தாள், ஆறுச்சாமி அங்கேதான் நின்றிருந்தான், கேட்டிருப்பான், கேட்கட்டும். "மணி நாலே முக்காலாச்சு, ஆஸ்பத்திரி மூடறதுக்குள்ள யாருக்காச்சும் போன் போடுங்கண்ணா" என்றாள் பங்கஜம்மா, "துணிய நான் பாத்து எடுத்துக்கறன், எனக்குக் கண்ணு இருக்குதுல்ல" என்று சொல்லிவிட்டு, சொன்னது எப்படிப்பட்ட சொல் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். கத்தரிக்கோலை அவளிடமே கொடுத்தேன். அவள் மேல்தட்டிலிருந்து ஒரு சுருளை இழுத்து வாசலுக்குக் கொண்டுபோய்ப் புடவையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனில் வளர்மதி சிஸ்டரின் நம்பரைத் தேட எனக்கு இரண்டு தடவை தப்பியது, அவள் பேரைச் 'சரக்கு வேலூர்' என்று போட்டு வைத்திருந்தேன், யாராவது பார்த்துவிடக் கூடாது என்று. மூன்றாவது மணி அடித்ததும் எடுத்தாள். "சொல்லுங்க திருமூர்த்தியண்ணா." சொன்னேன். சுவரைச் சொல்லவில்லை, கிளியைச் சொன்னேன், பொட்டைச் சொன்னேன், மூத்திரத்தைக்கூடச் சொன்னேன், மெர்லின் பக்கத்தில் நிற்கிறாள் என்பதையும் மறந்துவிட்டேன். அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. "எத்தன நாளா, சரியாச் சொல்லுங்க." "முப்பது நாளு இருக்கும்ங்க. கூடவும் இருக்கலாம்." "போன தடவ நான் கேட்டனே." "கேட்டீங்க." "இன்னிக்குக் காலைல போட்டீங்களா?" "போட்டனுங்க." பிறகு அவள் அவசரமாக, ஆனால் தணிந்த குரலில், "இனிமே ஒண்ணுகூடப் போட வேண்டாம், மாத்திரைப் பட்டையோட அப்படியே எடுத்துட்டு வாங்க, டாக்டரப் புடிச்சு நிறுத்தி வெக்கறன், வண்டிய நீங்க ஓட்டாதீங்க, ஆரையாச்சும் கூட்டிட்டு வாங்க" என்றாள். சரி சரி என்றேன். அவள் வைத்துவிடப் போகிறாள் என்று தெரிந்தது. "சிஸ்டர்" என்றேன், "திரும்ப வந்துருமுங்களா?"

"மொதல்ல நீங்க வாங்கண்ணா" என்றாள்.